துண்டின் மேல் உட்கார்ந்தவர்

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. 'மடிப்பு' என்றால்தான் தெரியும். சலவைக்கடை வைத்திருந்தார். அவர் மடித்துக் கொடுத்த சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொள்ளவே மனசு வராது. நாற்காலியில் உட்காரும்போதுகூடக் கால்சட்டையின் முட்டியை இரண்டு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டுதான் உட்காருவார். பரம சாது. ரத்தம் என்றால் ஆகாது. ஒருமுறை கடைக் கதவில் என் விரல் நசுங்கியபோது கட்டுப்போட ஓடி வந்தார். வந்தவர் என் விரலைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டார். ஒரு கையால் ரத்தத்தைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தது நான்தான்.

கடைக்கு மேல் மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலை. அதனால் தெருவில் யாருக்கு எந்த வார்த்தையில் சந்தேகம் வந்தாலும் என் கதவைத் தட்டுவார்கள்.

மடிப்பின் மனைவி அவருக்கு நேர் எதிர். குட்டையான, தோள் அகன்ற பெண். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவாள். இஸ்திரி போடுவதும் அவள்தான். வேலை செய்யும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். கறையைத் திட்டுவாள், கறை பண்ணினவனைத் திட்டுவாள், பொத்தானைத் தைத்தவனைத் திட்டுவாள். "அவ திட்டிக்கிட்டிருந்தா நல்லா இருக்கான்னு அர்த்தம் சார்" என்பார் மடிப்பு. "வாய் மூடிடுச்சுன்னாதான் டாக்டரைக் கூப்பிடணும்."

அடுத்த தெருவில், டயர் கடைக்கு மேலே ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் இருந்தது. அங்கிருந்து அழுக்குத் துண்டுகள் மூட்டை மூட்டையாக இவர்கள் கடைக்கு வரும். வெளுத்து மடித்துத் திரும்பப் போகும். வழக்கமாக மடிப்புதான் கொண்டுபோய்க் கொடுப்பார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு வாரம், மனைவி போனாள்.

அந்தக் கூடத்தின் கோச் வெளிநாட்டுக்காரர். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத ஆள். தமிழ் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார், மீதியெல்லாம் ஆங்கிலம். மூட்டையோடு உள்ளே போனவளுக்கு வழியை மறித்துக்கொண்டு ஒரு குத்துப்பை தொங்கியிருக்கிறது. இரண்டு கையிலும் சுமை. மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, சும்மா கிடந்த கையால் 'நகரு' என்று அதை ஒரு குத்து விட்டிருக்கிறாள். பை போய்ச் சுவரில் மோதித் திரும்பியது. கூடத்தில் இருந்த பெண்கள் கயிறு தாண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அகெயின்!" என்றார் கோச்.

எதையோ உடைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று இவள் பயந்து, "ஸாரி சார்" என்றாள்.

"நோ ஸாரி. அகெயின்!"

அன்று காலைதான் இரண்டு சலவை இயந்திரங்களில் ஒன்று பாதித் தண்ணீரோடு நின்றுபோயிருந்தது. அதை நினைத்துக்கொண்டு இன்னொரு குத்து விட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்: "என்னங்க, அந்தக் கோச் என்னை நாளைக்கும் வரச் சொல்றாருங்க."

"ஏன், துணி சரியா வெளுக்கலையாமா?"

"துணிக்கு இல்லைங்க. குத்தறதுக்கு."

மடிப்பின் அக்கா பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். செய்தி சுவரைத் தாண்டிப் போனதும் அந்த அம்மாள் வந்துவிட்டாள். "முப்பத்தி நாலு வயசுல குத்துச்சண்டையா? நாளைக்கு மூக்கு உடைஞ்சு வந்து நின்னா யார்டா பொறுப்பு?" என்று தம்பியைப் பிடித்தாள்.

மடிப்பு கையிலிருந்த தலையணை உறையை நீவி நீவி மடித்தார். பிறகு, "அவ மூக்கு, அவ பொறுப்பு" என்றார். அக்காவிடம் அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்படிச் சொன்னவர் அன்று சாயங்காலம் வாயில் ஒரு பிடி வைக்கவில்லை என்பது வேறு கதை.

விடியற்காலையில் ஓட்டம், கடை, மாலையில் கூடம் என்று அவள் நாள் நீண்டது. கூடத்துப் பெண்கள் அவளை 'இஸ்திரி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் போட்டிக்குப் போனாள். தோற்றாள். கொஞ்சநஞ்சத் தோல்வி இல்லை. எதிரில் நின்ற பெண் இவளைச் சுற்றிச் சுற்றி வந்து வெளுத்து வாங்கிவிட்டாள். ஒரு கண் வீங்கி மூடிக்கொள்ள, கடைக்குள் அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். மடிப்பு பக்கத்தில் ஐஸ் கட்டியோடு நின்றார், அவள் கண்ணைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு.

கோச் கடைப் படியேறி வந்தார். இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். விரலை ஆட்டி, "டோன்ட் த்ரோ இன் த டவல். ஓகே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மடிப்பு செய்ததைப் பார்த்துக் கூடத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். துண்டுகளை மூட்டையாகக் கொண்டுபோகாமல், கைக்குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். அலமாரியில் ஒவ்வொன்றாக, சத்தமே வராமல் வைத்தார். அப்படி நாலு முறை போய்வந்தும் மனசு ஆறாமல் என் கதவைத் தட்டினார்.

"சார், ஒரு நியாயம் சொல்லுங்க. நான் என்னிக்காவது துண்டை எறிஞ்சிருக்கேனா? அடுக்கித்தானே வைக்கிறேன்? அந்த ஆளு என் மூஞ்சிக்கு நேரா விரலை ஆட்டி, 'டவலைத் தூக்கி எறியாதே'ன்னு சொல்லிட்டுப் போறாரு. அதுவும் அவ அடிபட்டு அழுதுக்கிட்டிருக்கற நேரத்துல!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை உட்கார வைத்தேன். "அது துணியைப் பத்தின பேச்சு இல்லைங்க. அவங்க பாஷையில அது ஒரு சொல்வழக்கு. 'முடியலை, விட்டுடறேன்'னு தோல்வியை ஒத்துக்கறதுக்கு அப்படிச் சொல்வாங்க. வந்ததே குத்துச்சண்டையிலேர்ந்துதான். மேடையில சண்டை போடறவங்க அடி தாங்க முடியாம தவிக்கறப்ப, மூலையில உட்கார்ந்திருக்கற அவங்க ஆளு துண்டை எடுத்து மேடைக்குள்ள எறிவாரு. எறிஞ்சா சண்டை அதோட முடிஞ்சுது. எதிராளி ஜெயிச்சாச்சு."

அவர் வாயைப் பிளந்தார். "துண்டைப் போட்டா தோல்வியா? என்ன சார் இது அக்கிரமம்! நாம பஸ்ஸு ஜன்னல் வழியா துண்டைப் போட்டா, அந்த சீட்டு நம்மளோடதுன்னுல்ல அர்த்தம்? அவங்க போட்டா போச்சு, நாம போட்டா வந்துச்சு!"

இத்தனை வருஷம் வார்த்தைகளோடு மாரடிக்கும் எனக்கு இது தோன்றியதே இல்லை.

"சரி, இதை எங்கெல்லாம் சொல்லலாம்?" என்று கேட்டார். தெரிந்துகொண்டால் அரைகுறையாகத் தெரிந்துகொள்ள மாட்டார். கடையை நடத்த முடியாமல் மூடினவரைச் சொல்லலாம், பாதியில் படிப்பை விட்டவரைச் சொல்லலாம், விவாதத்தில் 'சரி, நீங்க சொல்றதுதான் சரி' என்று கையை விரித்தவரையும் சொல்லலாம் என்றேன். "ஆனா பஸ்ஸைத் தவறவிட்டவரைச் சொல்ல முடியாது. கொஞ்ச நேரமாவது போராடியிருக்கணும். அப்புறம் தானா விட்டிருக்கணும்."

அந்த வாரம் முழுக்க அந்த வார்த்தை அவர் வாயில் புரண்டது. "சார், நம்ம மெஷினு டவலை எறிஞ்சிடுச்சு" என்றார் ஒரு நாள். "மெஷின் எறியாதுங்க, அதை ரிப்பேர் பண்றவர்தான் எறிவார்" என்றேன். மறுநாள் வந்து, "அவரும் எறிஞ்சிட்டாரு சார்" என்றார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

ஆனால் அன்று என்னிடமிருந்து இறங்கிப் போனதும் அவர் முதலில் செய்தது மனைவியிடம் சொன்னதுதான். "கோச் துணியைச் சொல்லலை. உன்னைத்தான் சொன்னாரு. விட்டுடாதேன்னு சொல்லியிருக்காரு."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "விட்டுடாதேன்னா? அதை அன்னைக்கே நேரா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? உனக்கு இது வேண்டாம், துண்டை மட்டும் ஒழுங்கா பாத்துக்கோன்னு சொல்றார்னு நினைச்சு, நான் ஓடவே போகாம உட்கார்ந்திருக்கேன்!"

மறுநாள் விடியலில் அவள் காலணிச் சத்தம் தெருவில் கேட்டது.

அதன் பிறகு அவள் வளர்ந்த வேகம் கோச்சே எதிர்பாராதது. ஈரத்துணி தூக்கித் தூக்கி உரமேறிய தோள். பொறுமை கொஞ்சம் வந்து சேர்ந்ததும் கால்களும் சொன்னபடி கேட்டன. சின்னப் போட்டிகளில் ஜெயித்தாள். அடுத்து மண்டலப் போட்டியில் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, இறுதிச் சுற்றுக்கே போய்விட்டாள்.

இறுதிச் சுற்றில் மூலையில் கோச்சோடு இன்னொரு ஆள் வேண்டும். துணைக்கு இருந்த பையன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். கோச் கடைக்கு வந்து மடிப்பின் தோளில் கை வைத்தார். அதற்குள் அவர் தமிழும் கொஞ்சம் தேறியிருந்தது.

"நீ வா. தண்ணி, ஐஸ், துண்டு. உன் வேலை."

"ஐயோ கோச், எனக்கு ரத்தம் பார்த்தா மயக்கம் வரும்!"

"நான் கோச். நான் ஜெயிக்க மட்டும் பார்ப்பேன். நீ புருஷன். நீ அவளைப் பார்ப்பே. துண்டு உன் கையில்தான் இருக்கணும். ஆபத்துன்னா, எறி."

"எறியறதுக்கு முன்னாடியே மயங்கிட்டா?"

கோச் யோசித்தார். "எறிஞ்சிட்டு மயங்கு" என்றார்.

மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் அருகே வந்தாள். "தேவையில்லாம எறிஞ்சீங்கன்னா வீட்டுப் பக்கமே வராதீங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, குரலை இறக்கி, "தேவைப்பட்டா எறிஞ்சிடுங்க. அந்த நேரத்துல எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

கடையைப் பார்த்துக்கொள்ள அக்கா ஒப்புக்கொண்டாள். "மூக்கோட திரும்பி வாடி" என்பதுதான் அவள் சொன்ன வாழ்த்து.

நானும் போனேன். விளையாட்டரங்கம் நிரம்பியிருந்தது. எனக்கு இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. மடிப்பின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில். மூலையில் இருப்பவர்கள் சண்டை நடக்கும்போது எழுந்திருக்கக் கூடாது, மேடைக்குக் கீழே நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்பது விதி. வெளுத்து, தேய்த்து, நாலாக மடித்த துண்டு மடியில். அதன் மேல் இரண்டு கையும். பரீட்சைக்கு வந்தவர்போல இருந்தார்.

எதிராளி போன வருஷச் சாம்பியன். இவளைவிட ஒரு தலை உயரம், பத்து வயசு இளமை, நீளமான கை. அவள் மூலையில் நரைத்த தலையோடு அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

முதல் ரவுண்டு அந்தப் பெண்ணுடையது. அந்த நீளக் கையைத் தாண்டி இவளால் உள்ளே நுழையவே முடியவில்லை. இரண்டாவது ரவுண்டின் நடுவில், நுழைய முயன்றபோது நேராக மூக்கில் ஒன்று விழுந்தது. ஒரு முட்டி தரையில் பட்டது. மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியது. நடுவர் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார்.

மடிப்பு எழுந்துவிட்டார். துண்டு அவர் கையில் இருந்தது, மடிப்புக் கலைந்து தொங்கியபடி. 'போச்சு, எறியப்போகிறார்' என்று நினைத்தேன், அல்லது விழப்போகிறார். பிடிக்கலாம் என்று நானும் பாதி எழுந்தேன்.

அவர் எறியவில்லை. விழவுமில்லை. ரத்தம் வழிகிற அந்த முகத்தை, கூரையைப் பார்க்காமல், தலையைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன். பல்காப்பு வைத்த வாய். அதன் மேல் உதடுகள் படபடவென்று அசைந்துகொண்டிருந்தன. மனைவி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

மடிப்பு அப்படியே உட்காரப் போனார். கை மட்டும் எறியத் துடித்தது. துண்டு தானாகவே பறந்துவிடும் போலிருந்தது. ஒரு நொடி யோசித்தார். பிறகு துண்டை நாற்காலியில் விரித்துப் போட்டு, முட்டியைக்கூடத் தூக்கிவிட்டுக்கொள்ளாமல், அதன் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேடை எங்களுடையது என்று ஒரு மனிதர் துண்டு போட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நடுவர் எட்டு எண்ணுவதற்குள் அவள் எழுந்து கையை உயர்த்தியிருந்தாள். மணி அடிக்கும்வரை தாக்குப்பிடித்தாள்.

இடைவேளையில் மடிப்பு மேலே ஏறி, வேறொரு துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். அந்த வெள்ளைத் துண்டு சிவந்ததைக் கண்ணால் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"முடியுதாம்மா?"

"பேசாம துடைங்க."

கோச் குனிந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "முகம் வேண்டாம். விலா. விலா மட்டும்."

மூன்றாவது ரவுண்டில் நான் பார்த்தது வேறு ஒரு பெண்ணை. தலையைத் தாழ்த்திக்கொண்டு அந்த நீளக் கைகளுக்குக் கீழே புகுந்தாள். புகுந்தவள் வெளியே வரவில்லை. ஈரப் போர்வையைப் பிழிந்து உதறுகிற அதே தோள் அசைவு; இடது, வலது, மறுபடி இடது. ஒவ்வொரு குத்துக்கும் சாம்பியனின் மூச்சு 'ஹக்' என்று வெளியே வந்தது எங்கள் வரிசைவரை கேட்டது. அவள் கைகள் விலாவைக் காக்கக் கீழே இறங்கின. இறங்கிய நொடியில் தாடையில் ஒன்று. நடுவர் எண்ணினார். சாம்பியன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வந்தாள், துணிச்சல்காரப் பெண். இவள் மறுபடி விலாவுக்கே போனாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அந்தப் பெண் கயிற்றில் சாய்ந்துவிட்டாள். கையை உயர்த்தக்கூட முடியவில்லை, ஆனால் விழவும் மாட்டேன் என்கிறாள்.

வெள்ளையாக ஏதோ ஒன்று காற்றில் பறந்து வந்து மேடை நடுவில் விழுந்தது.

ஒரு துண்டு.

மடிப்பு பதறிப்போய் எழுந்து, திரும்பி, தன் நாற்காலியைப் பார்த்தார். அவர் துண்டு அங்கேயே, கசங்கிக் கிடந்தது. அதைக் கையால் தொட்டும் பார்த்தார். அதற்கப்புறம்தான் எதிர் மூலையை நிமிர்ந்து பார்த்தார். அங்கே அந்த நரைத்த தலை அப்பா, வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

மேடையில் இவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. இடையில் புகுந்த நடுவரைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்து மேலே தூக்கிய பிறகுதான் புரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் பல்காப்பு தெறித்துப் போய் விழுந்தது. கோச் கயிற்றைத் தாண்டிக் குதித்து, அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தேன்.

மடிப்பும் மேடையில் ஏறினார். நேராக மனைவியிடம் போகவில்லை. குனிந்து, கீழே கிடந்த அந்தத் துண்டை எடுத்தார். உதறி, இரண்டாக, நாலாக மடித்து, எதிர் மூலைக்குக் கொண்டுபோய் அந்த அப்பாவிடம் நீட்டினார்.

"நீங்க பண்ணினது சரிங்க" என்றார். "நானும் எறியறதுக்குன்னு எழுந்துட்டேன். கைவரைக்கும் வந்துடுச்சு."

அந்த மனிதர் துண்டை வாங்கவில்லை. துண்டோடு சேர்த்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு இனிமே ஒரு மாசம் என்கிட்ட பேச மாட்டா" என்றார்.

"பேசறதுக்கு நல்லபடியா இருக்காளே. அது போதும்."

அந்தப் பெண் அழுதுகொண்டே வந்து இவளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, உங்க கை கையா, சம்மட்டியா?" என்றாள்.

வண்டியில் திரும்பும்போது மடிப்பு கேட்டார்: "ரெண்டாவது ரவுண்டுல முட்டி போட்டிருந்தப்ப யாரைத் திட்டிக்கிட்டிருந்தே?"

மூக்கில் பிளாஸ்டரோடு அவள் திரும்பினாள். "வேற யாரை? உங்களைத்தான். கையில துண்டை வெச்சுக்கிட்டு நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிக்கறீங்களே, உட்காருங்க, உட்காருங்கன்னு கத்தறேன், காதுலயே விழல உங்களுக்கு!"

"உட்கார்ந்தேனே!" என்றார் மடிப்பு. அவ்வளவு பெருமையாக அவர் ஒரு வார்த்தை சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

தெருமுனையில் திரும்பும்போதே கடை வாசலில் கூட்டம் தெரிந்தது. அரங்கத்திலிருந்து அக்காவுக்குப் போன் பண்ணியது நான்தான். இரைச்சலில் இரண்டே வாக்கியம்தான் சொல்ல முடிந்தது: "ஜெயிச்சாச்சு! அந்தப் பக்கம் துண்டை எறிஞ்சுட்டாங்க!" அதை வைத்துக்கொண்டு அக்கா கடை மேடையில் ஏறி நின்று, தேய்க்க வேண்டிய யாரோ ஒருவருடைய சட்டையைக் கையில் சுழற்றியபடி, முழுச் சண்டையையும் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் வந்த வேலையை மறந்து நின்றிருந்தார்கள்.

"அவ என்ன பண்ணினா தெரியுமா? தாக்குப்பிடிக்க முடியலைன்னதும் இத்தாம் பெரிய துண்டை எடுத்து இவ மூஞ்சியிலயே விட்டெறிஞ்சா! கண்ணை மறைச்சுட்டு ஓடிடலாம்னு பாத்தா! விடுவாளா என் தம்பி பொண்டாட்டி? கண்ணு தெரியாமலே விட்டா பாரு ஒரு குத்து!" சட்டை பறந்துபோய் ஒருவர் தலையில் விழுந்தது.

அப்படி இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மடிப்பு என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

அக்கா எங்களைப் பார்த்துவிட்டாள். மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தம்பி மனைவியின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மூக்கு வீங்கியிருந்தது; ஆனால் இருந்தது.

"நான் சொன்னது சரிதானேடி?" என்றாள், கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி.

"அப்படியே நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்க அண்ணி" என்றாள் அவள். சிரித்தபோது மூக்கு வலித்திருக்க வேண்டும், ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் மெடலைக் கழற்றி அண்ணியின் கழுத்தில் போட்டாள். "ஏறுங்க மேல. முதல்லேர்ந்து சொல்லுங்க, நானும் கேக்கறேன்."